அருள்முருகன் பெயரில் இரண்டு தவணை

மார்ச் ஏழாம் தேதி நண்பகலில் பாக்யலட்சுமி, அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நர்மதா கணினியில் எதையோ திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தாள். வருமான வரிக் கணக்கு எழுதித் தாக்கல் செய்து கொடுப்பது நர்மதாவின் தொழில். முன்பு அவள் அலுவலகம் பெரம்பலூரில் இருந்தது. கல்யாணமாகி அரியலூர் வந்தபிறகு இங்கே மாற்றிக்கொண்டாள். பெரம்பலூர் ஆட்கள் பலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பாக்யலட்சுமியின் கணவர் அருள்முருகன் மட்டும் பஸ் ஏறி இங்கேயே வந்துகொண்டிருந்தார். அவர் இறந்தபிறகு பாக்யலட்சுமி வருகிறாள்.

நர்மதா தேடுவதை நிறுத்திவிட்டு, செப்டம்பரிலும் டிசம்பரிலும் வரி கட்டியது உறுதிதானா என்று கேட்டாள். உறுதிதான், இரண்டு தவணையும் தானே போனில் கட்டியதாகப் பாக்யலட்சுமி சொன்னாள். ரசீது இருக்கிறதா என்று நர்மதா கேட்க, பையிலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். நர்மதா முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்து, அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டுமே மாமா நம்பர்ல போயிருக்கு" என்றாள்.

பாக்யலட்சுமி அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பான் நம்பர் போட்டீங்கள்ல, அது உங்களுது இல்லக்கா. மாமாவுது. தொண்ணூறாயிரமும் அவர் பேருல உக்காந்திருக்கு. உங்க பேருல ஒத்த ரூபா இல்ல."

பாக்யலட்சுமி கை நீட்டித் தாள்களை வாங்கிப் பார்த்தாள். அருள்முருகன் என்று பெயர் இருந்தது. மேலே ஓரத்தில் இருந்த எண்ணை அவள் படித்தாள். படிக்கவே வேண்டியதில்லை. பதினைந்து வருடமாக அவள் வாயில் இருந்த எண் அது. தன்னுடைய எண் என்னவென்று யாராவது கேட்டால் அட்டையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பதினைந்து வருடக் கதை இது. பெரம்பலூரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விற்றுக் கொடுக்கும் கமிஷன் மண்டி அருள்முருகனுடையது. மண்டி போட்ட முதல் நாலைந்து வருடம், வருமான வரியை எல்லாரையும்போல ஜூலை மாதம் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்டிவந்தார். ஒரு வருடம் வரியோடு வட்டியும் சேர்த்துக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரி கட்ட மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன், எதற்கு எனக்கு அபராதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுவார்கள், வியாபாரம் செய்பவர்களுக்கு அப்படிப் பிடிக்க ஆளில்லை, அதனால் வருடத்துக்கு எவ்வளவு வருமானம் வரும் என்று தாமே கணித்து, வரி பத்தாயிரத்தைத் தாண்டுமானால் தவணை தவணையாக முன்கூட்டியே கட்டிவர வேண்டும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். இப்போது நான்கு தவணை. ஜூன் பதினைந்துக்குள் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. செப்டம்பர் பதினைந்துக்குள் நாற்பத்தைந்து. டிசம்பர் பதினைந்துக்குள் எழுபத்தைந்து. மார்ச் பதினைந்துக்குள் முழுவதும். குறையும் தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வீதம், அடுத்த தவணை வரை மூன்று மாதத்துக்கு வட்டி.

அதன்பிறகு அவர் ஒரு தவணையும் தவறவில்லை. வெங்காயம் எத்தனை ஏக்கர் போட்டிருக்கிறார்கள், மக்காச்சோளத்துக்கு மழை எப்படி என்று வரும் விவசாயிகளிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தே அந்த வருட வருமானத்தைக் கணித்துவிடுவார். கடைசி நாளன்றுதான் கட்டுவார். அதற்கு முன்பு கட்டினால் மண்டியில் புரள வேண்டிய பணம் முடங்கும் என்பார். பொடி எழுத்து அவருக்குச் சரியாகத் தெரியாததால், முதலிலிருந்தே அட்டையைப் பார்த்து எண்ணைப் படிப்பது பாக்யலட்சுமியின் வேலையானது. அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள், அவர் தட்டுவார். இரண்டாவது வருடத்திலேயே அட்டை தேவைப்படாமல் போய்விட்டது.

சென்ற ஜூன் பதினைந்தாம் தேதி முதல் தவணையைக் கட்டிய அன்றைக்கே அருள்முருகன் இறந்துபோனார். வயது நாற்பத்தெட்டு. எல்லாரிடமும் பாக்யலட்சுமி சொன்னது இது: பதினொரு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார், உடனே காரில் ஏற்றிப் பெரம்பலூரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே பார்த்துவிட்டுத் திருச்சிக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள், பாடாலூர் தாண்டும்போது ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

ஜூலையில் அவள் மண்டியைத் தன் பெயருக்கு மாற்றினாள். வேறு வழியில்லை. மகள் பிரவீணா திருச்சியில் பொறியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கமிஷன் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் பாக்யலட்சுமி பெயருக்கு வந்தன. செப்டம்பரில் தவணை நாள் நெருங்கியபோது நர்மதா தொகையைக் கணக்குப் போட்டுச் சொன்னாள், ஐம்பத்து நாலாயிரம். டிசம்பரில் முப்பத்தாறாயிரம். இனி உங்கள் பான் எண்ணில்தான் கட்ட வேண்டும் என்று நர்மதா சொன்னாளா, இல்லையா? சொன்னாள். பாக்யலட்சுமிக்கு அது நினைவிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள்.

நர்மதா பொறுமையாக விளக்கினாள். மாமா பெயரில் போன பணம் எங்கும் போய்விடாது. அவர் பெயரில் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது வாரிசுக்குத் திருப்பித் தருவார்கள். ஆனால் அதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் உங்கள் பெயரில் அதே தொண்ணூறாயிரத்தை மறுபடி கட்டி, மார்ச் தவணை முப்பதாயிரத்தையும் கட்ட வேண்டும். ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம். அப்படிக் கட்டினாலும் செப்டம்பரும் டிசம்பரும் தவறியதற்கு நாலாயிரத்துக்கு மேல் வட்டி உண்டு. கட்டாவிட்டால் ஏப்ரலிலிருந்து வட்டி இன்னும் ஏறும். இன்னொரு வழி, திருச்சி வருமான வரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இந்த இரண்டு தவணையும் தவறுதலாக வேறொருவர் எண்ணில் கட்டப்பட்டவை, என் எண்ணுக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்பது. அதிகாரி ஒத்துக்கொண்டால் கட்டிய தேதியிலேயே கட்டியதாகிவிடும். வட்டி வராது.

"அதுக்கு அந்த நம்பர்காரர் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் குடுக்கணும்க்கா."

சொன்ன பிறகுதான் நர்மதாவுக்கே தான் சொன்னது உறைத்தது. அவள் முகம் தாழ்ந்தது. வாரிசுகள் கொடுத்தால் போதும் என்றாள். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர் இருந்தது. மனைவி பாக்யலட்சுமி, மகள் பிரவீணா, தாய் பாப்பாயி.

ஒரு லட்சத்து இருபதாயிரம் அவளிடம் இல்லை. மக்காச்சோள வரத்து இருக்கும் மாதம், கையிலிருப்பதெல்லாம் விவசாயிகளுக்குப் போக வேண்டிய பணம். பிரவீணாவுக்கு ஜனவரியில் கட்டணம் கட்டியாகிவிட்டது. கழுத்துச் சங்கிலி ஒன்று இருந்தது. அதை அடகு வைக்கலாமா என்று பேருந்தில் வரும்போது யோசித்தாள். அதைவிடப் பாப்பாயியிடம் கையெழுத்துக் கேட்பதுதான் கடினம் என்று தோன்றியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வண்டி ஏறிய பாப்பாயி அதற்குப் பிறகு மருமகளோடு பேசவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் வந்தபோதும், கைநாட்டு வைத்துவிட்டு, பிரவீணாவின் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனாள். பொங்கலுக்குப் பாக்யலட்சுமி போன் செய்தபோது, அம்மா காட்டில் இருக்கிறது என்று கொழுந்தன் கலைச்செல்வன் சொன்னான். பின்னால் பாப்பாயியின் குரல் கேட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு யார்மீதாவது கோபம் இருக்கத்தான் செய்யும் என்று மண்டிக்கு வரும் பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். பாக்யலட்சுமி கேட்டுக்கொண்டாள்.

பிரவீணா சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாக்யலட்சுமி குன்னத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கணவரின் ஊருக்குப் போனாள். கலைச்செல்வன் வீட்டில் இருந்தான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாப்பாயி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வெளியே வரவில்லை.

கலைச்செல்வன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். அண்ணன்மீது உயிரானவன். கெட்டவன் இல்லை. ஆனால் சென்ற ஒன்பது மாதத்தில் அக்கம்பக்கத்தார் நிறையச் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறாயிரம் என்ற எண் அவன் கண்ணில் நின்றது. இது அண்ணன் பேரில் கிடக்கிற பணம்தானே, திரும்பி வந்தால் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டுதானே என்று மெதுவாகக் கேட்டான். தப்பாக நினைக்கக் கூடாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றான். பாக்யலட்சுமி, இது அவர் இறந்தபிறகு தான் சம்பாதித்த வருமானத்துக்குத் தான் கட்டிய வரி, எண் மாறிப் போய்விட்டது என்று விளக்கினாள். அவன் தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.

உள்ளிருந்து பாப்பாயியின் குரல் வந்தது. மகனிடம்தான் பேசினாள், மருமகளுக்குக் கேட்கும்படி.

"எம் மவன் பேருல கட்டுனது எம் மவனுக்கு இல்லைன்னு நான் ரேகை வைக்கணுமா? வைக்க மாட்டேன்னு சொல்லு."

கலைச்செல்வன் வெளியே வந்து கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். ரெண்டு நாள் போகட்டும் அண்ணி, பேசிப் பார்க்கிறேன் என்றான். பாக்யலட்சுமி எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை அவளுக்குச் சமைக்கத் தோன்றவில்லை. கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். மேற்படி தொகை அன்னாரின் வருமானத்துக்கு உரியதல்ல, அதை மாற்றிக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நர்மதா தட்டச்சு செய்திருந்தாள். தவறுதலாக என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் அவள் படிப்பதை நிறுத்தினாள்.

தவறுதல்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. செப்டம்பரில் மண்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனை எடுத்தபோது, எண் கேட்ட இடத்தில் விரல் தானாக அவருடைய எண்ணைத் தட்டியது. அதுவரை தவறுதல்தான். அடுத்த பக்கத்தில் பெயர் வந்தது. பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுவார்கள். இருந்தாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போதும். அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரேஷன் அட்டையில் பெயர் எடுத்தாகிவிட்டது, வங்கியில் எடுத்தாகிவிட்டது, மண்டிப் பலகையில் வேறு பெயர் எழுதியாகிவிட்டது. இங்கே அவர் இன்னும் வரி கட்டுகிறவராக இருந்தார். அவள் சரி என்று அழுத்தினாள். டிசம்பரிலும் அழுத்தினாள். அப்போது விரல் தடுமாறவில்லை.

புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி, அவள் மறுபடி குன்னம் போனாள். மார்ச் பதினைந்துக்கு மூன்று நாள் இருந்தது. கலைச்செல்வன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. கடிதத்தையும் மை டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஊருக்குள் நுழையும் தார்ச்சாலையில் ஒரு பாதி முழுக்க மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கல் வரிசை வைத்து, வண்டிகள் மறுபாதியில் போய்க்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் பாப்பாயி குச்சியோடு உட்கார்ந்து ஆடு மாடு வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு. ஆட்டோவிலிருந்து இறங்கிய மருமகளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சோளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாக்யலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு ஆடு வந்தது. பாப்பாயி குச்சியைத் தரையில் தட்டினாள், ஆடு போயிற்று.

"அத்த, கையெழுத்து கேக்க மட்டும் வரல" என்று பாக்யலட்சுமி தொடங்கினாள். "ஒண்ணு சொல்லணும்."

பாப்பாயி திரும்பவில்லை. ஆனால் குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குப் பதினொரு மணிக்கு வலி வரலத்த. நான் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் பாப்பாயி.

பாக்யலட்சுமி அவளைப் பார்த்தாள்.

"பத்தரைக்கு எனக்குப் போன் பண்ணான். தெனமும் பண்ணுவான்ல. அன்னிக்கும் பண்ணான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா, பாக்கியத்துக்கிட்ட சொல்லிட்டேன்னான். ஆசுபத்திரிக்குப் போடான்னேன். ஒண்ணு கட்ட வேண்டியிருக்கும்மா, கட்டிட்டுப் போறேன்னு வச்சுட்டான்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்ன மனுசன மூட்டை கட்ட வச்சிருக்கியே. மண்டியில அத்தன ஆளு இருந்தும் அவனா மூட்டை கட்டணும்? எளவு வூட்டுல நீ பதினொரு மணின்னு சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது."

ஒன்பது மாதமாக இந்தக் கிழவி தன் மகன் வலியோடு குனிந்து சாக்கு மூட்டை கட்டுவதை மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மூட்டை கட்டலத்த" என்றாள். "வரி கட்டினாரு."

பாப்பாயி இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

பாக்யலட்சுமி சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். பத்தே கால் இருக்கும், அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, எரிச்சலாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். காலையில் தோசைக்குக் காரச் சட்னி சாப்பிட்டிருந்தார், வாயுதான் என்று அவள் நினைத்தாள். அன்றைக்குத் தவணையின் கடைசி நாள். கட்டிவிட்டுப் போய்விடலாம், ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரமாகுமோ என்று சொன்னது அவள்தான். அவர் அல்ல. அவர் சரி என்று கணினி முன்னால் உட்கார்ந்தார். அவள் எண்ணைச் சொன்னாள். நெற்றி வியர்த்தது, மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். முதல் தடவை பணம் போகாமல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. பணம் போனதும், ரசீதை எடுத்து வை பாக்கியம் என்றார். எழுந்து நிற்கும்போது வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போது வலி தொடங்கியது என்று கேட்டார். அங்கேயும் அவள் இப்போதுதான் என்று சொன்னாள்.

"அரைமணிக்கு முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாரான்னு நான் யாரையும் கேக்கலத்த. கேக்க பயமா இருந்துச்சு."

தூரத்தில் டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது. சோளத்தின் மேல் ஏற்றிவிடாமல் ஒதுங்கிப் போயிற்று. பாப்பாயி அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கட்டுனான்?" என்று கேட்டாள்.

"பதினெட்டாயிரம்."

"அன்னிக்குக் கட்டலைன்னா?"

பாக்யலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். இதை அவள் பலமுறை கணக்குப் போட்டிருந்தாள்.

"ஐந்நூத்து நாப்பது ரூவா வட்டி வந்திருக்கும்த்த."

பாப்பாயி அந்தத் தொகையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். திட்டவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்து முகத்தை முழுவதும் மூடிக்கொண்டாள். தோள் அசைந்தது. பாக்யலட்சுமி நகர்ந்து போய் அவள் அருகே உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்திருந்தாள். தொட்டிருந்தால் கிழவி தட்டிவிட்டிருப்பாளோ என்னவோ. வெயில் மரநிழலைத் தாண்டி அவர்கள் காலுக்கு வந்தது.

துண்டை எடுத்தபோது பாப்பாயியின் கண் சிவந்திருந்தது. "அந்தக் காயிதத்தக் குடு" என்றாள்.

"வேண்டாம்த்த. அதுக்காகச் சொல்லல."

"குடுன்னா குடு."

பாக்யலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். பாப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. மகன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். பாக்யலட்சுமி விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செத்த பிறகும் அவன் பேரில் ஏன் கட்டினாய், எண் மறந்துபோச்சா என்று கேட்டாள்.

"மறக்கல. அவரு பேரு வந்துச்சு. பாத்துக்கிட்டே கட்டிட்டேன்."

பாப்பாயி கட்டைவிரலை நீட்டினாள். பாக்யலட்சுமி மை டப்பாவைத் திறந்து, அந்த விரலைப் பிடித்துத் தடவி, கடிதத்தின் கீழே அழுத்தினாள். காய்ப்பு ஏறிய விரல், ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது முறை அழுத்தினாள். மை காயும் வரை இருவரும் தாளின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது பாப்பாயி சொன்னாள்: "நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு அது தெரியல. ஆனா வா. காயிதம் இல்லாட்டியும் வா."

மார்ச் பதினான்காம் தேதி பாக்யலட்சுமி, அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, தன் எண்ணில் முப்பதாயிரம் கட்டினாள். நர்மதா விண்ணப்பத்தை எழுதி, கடிதத்தையும் வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாக்யலட்சுமி இரண்டு முறை நேரில் போக வேண்டியிருந்தது. அதிகாரி வயதில் சிறியவர். இறந்தவரின் எண்ணில் இரண்டு முறை எப்படித் தவறு நேர்ந்தது என்று கேட்டார். பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் இறுதியில், இரண்டு தவணையும் அவள் கணக்குக்கு மாறிவிட்டதாக நர்மதா போன் செய்தாள். வட்டி எதுவும் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். பாக்யலட்சுமி, சரிம்மா, ரொம்ப நல்லது என்றாள். மண்டி வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் போல, அவர் பெயரில் இனி அவரே கட்டிய பதினெட்டாயிரம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மாதம் ஒருமுறை குன்னத்துக்குப் போகிறாள். போகும்போது பாப்பாயிக்குப் பன்னும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போகிறாள். கலைச்செல்வன் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வண்டியோடு வந்து நிற்கிறான். கடிதத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை. அவனுக்குக் கொஞ்சம் வெட்கம் இருப்பதுபோல் தெரிகிறது. சாப்பிட்டு முடித்ததும் பாப்பாயி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மருமகளைக் கட்டிலுக்கு அருகே உட்காரச் சொல்வாள்.

"சொல்லு" என்பாள்.

பாக்யலட்சுமி சொல்வாள். தோசையிலிருந்து தொடங்குவாள். அவர் போட்டிருந்த சட்டையின் நிறம், மின்விசிறி, முதல் தடவை நின்றுபோனது, ரசீதை எடுத்து வை என்றது. பாப்பாயி கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் எதையாவது விட்டுவிட்டால் அதைக் கேட்பாள். எதற்கு இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று பாக்யலட்சுமி கேட்டதில்லை. மகனோடு இருந்த கடைசி அரைமணி நேரம் மருமகளிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை வேறெங்கே போய்க் கேட்பாள்?

ஆடி மாதம் ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது, அதுவரை சொல்லாத ஒன்று பாக்யலட்சுமிக்கு நினைவுக்கு வந்தது. அவள் பேச்சு நின்றது. பாப்பாயி என்ன என்று கேட்டாள்.

"தண்ணி கேட்டாருத்த" என்றாள் பாக்யலட்சுமி. "போன் என் கையில இருந்துச்சு. ஓடிபி வரப்போகுது, சொல்லிட்டு எடுத்தாறேன்னேன். அது வர நேரமாயிருச்சு. அப்புறம் நான் மறந்துட்டேன். அவரும் மறுபடி கேக்கல."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்த ஒரு வருடத்தில் யார் முன்னாலும் அப்படி அழுததில்லை. பாப்பாயி கட்டிலிலிருந்து இறங்கவில்லை, கை நீட்டவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவனாக இருக்கும்போதும் அவன் அப்படித்தான், எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டான் என்று சொன்னாள்.

வெளியே ஐந்தரை மணி பஸ் ஊர் எல்லையில் ஹாரன் அடித்தது. பெரம்பலூருக்கு அதுதான் கடைசி பஸ். கலைச்செல்வன் வாசலில் வந்து நின்று, அண்ணி, பஸ் வந்துருச்சு என்றான். பாக்யலட்சுமி எழவில்லை. பாப்பாயியும் அவளைப் போகச் சொல்லவில்லை.